சீட்டு வைக்காமல் எடுத்த பதிவேடு

ஏழாம் அலமாரியின் மூன்றாம் தட்டில், ஓமனா வைக்காத சீட்டு ஒன்று இருந்தது.

குன்னத்துக்கடவு நகராட்சியின் ஆவண அறையில் ஒரு வழக்கம். எந்த ஆவணக் கட்டை எடுத்தாலும் அது இருந்த இடைவெளியில் ஒரு சீட்டைச் செருக வேண்டும். எடுத்த பொருள், எடுத்தவர், நாள், திருப்பும் நாள். பழைய வாக்காளர் பட்டியலின் பின்பக்கத்தை வெட்டி அந்தச் சீட்டுகளைத் தயார் செய்வது ஓமனாவின் வேலை. பதினேழு வருடத்தில் சீட்டில்லாமல் ஒரு தாளைக்கூட அவள் வெளியே விட்டதில்லை, போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை அவளே ஒரு பதிவேட்டை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனாள். சீட்டு வைக்கவில்லை. பக்கத்துக் கட்டுகளை நெருக்கி இடைவெளியை மூடிவிட்டுத்தான் போனாள். இன்று திங்கட்கிழமை. கட்டுகள் விலகி நிற்கின்றன. நடுவில் சீட்டு.

எடுத்த பொருள்: வைசூரிக் கொட்டகைப் பதிவேடு. எடுத்தவர்: ஓமனா.

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் அடையாளம். தடவிப் பார்த்தாள். சுண்ணாம்பு. விரலில் இருக்க வேண்டிய ரேகை ஒன்றுகூட இல்லை, வெறும் குழி குழியாக இருந்தது.

கடைநிலை ஊழியர் சுகுணன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கர்க்கடக மாத மழை பெய்தால் ஆவண அறைக் கூரைக்கு மூன்று வாளி வேண்டும்.

"சுகுணன் சேட்டா, சனிக்கிழமை இங்க யாராவது வந்தாங்களா?"

"சாவி உங்க இடுப்புல இருக்கு சேச்சி, யாரு வருவா? உங்க கிட்ட சீட்டு எழுதித் தராம இந்த ரூம்ல தும்மக்கூட முடியாதே."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

கொட்டகைத் தோட்டம் ஊருக்குக் கிழக்கே முள் மண்டிக் கிடக்கும் நகராட்சி நிலம். அதில் நூற்றுப் பன்னிரண்டு அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. ஒரு காலத்தில் வைசூரி என்ற பெரியம்மை கண்டவர்களைத் தூக்கிக்கொண்டு போய் விட்ட இடம் அதுதான் என்று பீயூஸ் மாஷுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், இப்போது எதிர்க்கட்சி உறுப்பினர். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த நான்காம் கேள்வி, அந்த இடத்தின் புதைப்புப் பதிவேடு எங்கே என்பது.

செயலாளர் குருவிளா சார் குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை. போன வாரம் ஓமனாவைக் கூப்பிட்டு, "காசர்கோட்டுல ஒரு இடம் காலியா இருக்காம் ஓமனா. மகளுக்கு எத்தனை வயசு, ஒம்பதா? பாவம், உங்களை விட்டா அவளுக்கு யாரு?" என்றார். அந்தப் பதிவேடு காணாமல் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. அறைக்குள் வாளியில் சொட்டும் தண்ணீரும், ஊறிய காகிதத்தின் நெடியும், அதற்கடியில் கொஞ்ச நேரமாகவே இருந்து இப்போதுதான் பிடிபடுகிற இன்னொரு வாடையும் இருந்தன. வேப்பிலை. பச்சை மஞ்சள். நீற்றிய சுண்ணாம்பு. சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டப்பா இல்லை. இருந்த இடத்தில் சீட்டு.

எடுத்த பொருள்: சோறு. எடுத்தவர்: 22.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மகள் தேவிகா பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. கட்டில் மெத்தைக்கு அடியிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். இதுவரை அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் பாவம் பாதிதான் என்று நினைத்திருந்தாள். கொல்லம் ஆண்டு 1119, ஆங்கிலக் கணக்கில் 1943-44. அறுபத்து மூன்று வரிகள். பெயர், வயது, கொண்டுவந்த நேரம், இறந்த நேரம், புதைத்த நேரம், குறிப்பு. எழுதியவன் கையெழுத்து அழகாக இருந்தது.

இறந்த நேரம் என்ற கட்டத்தில் பல வரிகளில் வெறும் கோடு மட்டும் இழுத்திருந்தான். புதைத்த நேரம் எல்லா வரியிலும் இருந்தது.

கோடு இழுத்த வரிகளை எண்ணினாள். பத்தொன்பது. அந்த வரிகளில் மட்டும்தான் குறிப்பும் இருந்தது.

9. சாத்தன், 40. கம்பளி கேட்டான்.

22. காளி, 55. கஞ்சி கேட்டாள்.

31. பாறு, 28. மகளைக் கேட்டாள்.

பதிவேட்டைப் படக்கென்று மூடினாள். உயிரோடு போட்டு மூடியிருக்கிறார்கள். கேட்டதை எழுதிக்கொண்டு, கொடுக்காமல், மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. தேவிகா வந்து, "அம்மா, ஏன் வீட்டுல சுண்ணாம்பு நாத்தம் அடிக்குது?" என்று கேட்டபோது முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். விடிந்தபோது தேவிகா குளிரில் சுருண்டு கிடந்தாள். மேலே போர்த்தியிருந்த கம்பளி இல்லை. குழந்தையின் கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. எடுத்தவர்: 9.

அவளைத் தொட்டிருக்கிறது.

அப்போதே முடிவு செய்துவிட்டாள். காசர்கோடு என்றாலும் சரி, அந்தமான் என்றாலும் சரி, பதிவேட்டைக் கூட்டத்தின் நடுவில் வைத்துவிடுவது. தேவிகாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, பதிவேட்டைப் பைக்குள் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு கூட்ட அரங்கில் செயலாளர் மேஜையை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாலாவது கேள்வி," என்று எழுந்தார் பீயூஸ் மாஷ். "கொட்டகைத் தோட்டத்துல எத்தனை பேரைப் புதைச்சிருக்கு? அந்தப் பதிவேடு எங்கே?"

தலைவி சரளாதேவி கண்ணாடியைக் கழற்றினார். "மாஷே, மழைக்காலம்னா உங்களுக்குப் பேய்க்கதை வேணும். கட்டன் சாயாவும் சொல்லட்டுமா?"

ஆளுங்கட்சிப் பக்கம் மேஜை தட்டிச் சிரித்தது.

"சாயா சொல்லுங்க, குடிக்கிறேன்," என்றார் மாஷ். "நூத்திப் பன்னண்டு குடும்பம் குடிவரப் போகுது. அடியில ஏற்கெனவே யாரு குடியிருக்காங்கன்னு கேட்டா தப்பா?"

குருவிளா சார் திரும்பி ஓமனாவைப் பார்த்தார். முன்னால் கிடந்த ஒரு தாளை மெதுவாக அவள் பக்கம் திருப்பி வைத்தார். மாற்றல் உத்தரவு. அவள் பெயர் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"ஆவணக் காப்பாளர் சொல்லட்டும். ஓமனா, பதிவேடு இருக்கா?"

எழுந்தாள். மடியிலிருந்த பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். பை கனத்தது. காலையில் இவ்வளவு கனம் இல்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. தனியாகச் சோறு போட்டுச் சாப்பிடும் தேவிகா, ராத்திரி இடி இடித்தால் கூப்பிட ஆளில்லாத தேவிகா.

"இல்ல சார். அப்படி ஒரு பதிவேடு இருந்ததாவே தெரியல."

பைக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது.

மாஷ் அவளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. "இதைக் கூட்டக் குறிப்புல எழுதிக்கோங்க," என்று உட்கார்ந்தார். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கான தீர்மானம் கைதூக்கலில் நிறைவேறியது.

எடுத்த இடத்திலேயே சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று ஆவண அறைக்கு ஓடினாள். குருவிளா சார் வாசலில் நின்றார்.

"சாவியைக் குடுங்க ஓமனா. கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும். நீங்க நல்லா பேசினீங்க."

பேருந்தில் வரும்போது பக்கத்து வீட்டு ரமணிக்குப் போன் செய்தாள். பள்ளி விட்டதும் தேவிகாவைக் கூட்டிவந்து கதவு திறந்துவிடுவது ரமணிதான்.

"சேச்சி, மோள் வந்துட்டாளா?"

"வந்து பத்து நிமிஷம் ஆச்சு. தூக்கம் வருதுன்னு கட்டில்ல படுத்திருக்கா. அது சரி, உன் வீட்டுக்கு யாரு வந்திருக்கா? உள்ள ஒரு பொம்பளை தாலாட்டுப் பாடிட்டு இருக்காளே."

ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. நிற்கவில்லை.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். பள்ளிப்பை ஆணியில். குடை மூலையில், சொட்டிக்கொண்டு. பாட்டு இல்லை. மழை மட்டும்.

வேப்பிலை வாடை.

"மோளே?"

கட்டில். தலையணை. தலை வைத்த பள்ளம் இன்னும் மேலெழவில்லை. தொட்டாள். சூடு.

பள்ளத்தில் சீட்டு. எடுத்தவர்: 31. திருப்பும் நாள் என்ற இடத்தில் ஒரு கோடு.

பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பதிவேடு வெளியே வந்து கடைசிப் பக்கத்தில் திறந்துகொண்டது. அறுபத்து மூன்றாம் வரிக்குக் கீழே, அதே அழகான கையெழுத்தில், மை காயாமல் இன்னொரு வரி.

64. தேவிகா, 9. கொண்டுவந்த நேரம், மாலை நான்கு பத்து. புதைத்த நேரம், மாலை நான்கு இருபது.

இறந்த நேரம் என்ற கட்டத்தில் கோடு இழுத்திருந்தது.

குறிப்பு: அம்மாவைக் கேட்டாள்.