ஆள் இல்லாத அளவுகோல்

ஆளை அழித்துவிட்டார்கள். அவன் பிடித்திருந்த அளவுகோலை அழிக்க மறந்துவிட்டார்கள்.

கட்டில்மேல் விரித்த போஸ்டரில், கொள்ளிடத்து நீருக்கு நடுவே, சிவப்பும் வெள்ளையுமான அந்த உயரக் கோல் எந்தக் கையும் பிடிக்காமல் நேராக நின்றுகொண்டிருந்தது. பிரேமலதாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நாளை மறுநாள் கோலாலம்பூர் மாநாட்டில் பெரிய பெரிய பேராசிரியர்கள் வந்து இதன் முன்னால் நிற்பார்கள். அவளுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். அங்கே நல்லபடியாக நடந்தால் ஐந்து வருட உழைப்புக்கு முனைவர் பட்டம், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. நாலு மணிக்கு டாக்ஸி வரும். மாற்றி அடிக்க நேரமில்லை.

தென்னூர் பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்யும் ஷரீபா நேற்றே தயங்கினாள். "அக்கா, போன மாசம் இந்த அண்ணனுக்குத்தானே கண்ணீர் அஞ்சலி அடிச்சுக் கொடுத்தோம்? இதே போட்டோலேர்ந்துதான் முகத்தை வெட்டி எடுத்தேன். இப்ப மிச்சத்தையும் எடுக்கச் சொல்றீங்களே?"

"மாநாட்டுப் படத்துல ஆள் இருக்கக் கூடாதும்மா," என்று பிரேமலதா கூசாமல் சொன்னாள். அப்படி எந்த விதியும் இல்லை.

ரெங்கராஜ் துறையூர்க்காரன். இரண்டு வருடம் அவளுடைய ஆய்வுக்காக ஆற்றில் இறங்கி, மணல் அள்ளிய குழிகளின் ஆழத்தை அளந்து கொடுத்தவன். கட்டுரையில் அவன் பெயர் இரண்டாவதாக இருந்தது. அதையும் அவள்தான் எடுத்தாள். பெயர் இருந்தால் ஆள் எங்கே என்று கேட்பார்கள். பிறகு அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. ஸ்ரீரங்கத்து மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் போஸ்டரின் குறுக்கே போட்டிருக்க, புது மையின் நெடிக்கு அடியிலிருந்து ஈர மணலும் அழுகிய பாசியும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்து வந்து, தலையணையில், மடித்து வைத்த புடவையில், அவள் மூச்சில் என்று அறை முழுக்கப் படிந்தது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் கோலில் எழுபது சென்டிமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

படம் எடுத்தது அவள். அன்றைக்கு அளவு நாற்பது. நோட்டில் எழுதியதும் அவள்தான்.

ஷரீபாவுக்குப் போன் போட்டு, கோலில் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னாள்.

"பைல்ல நாப்பதுதான்க்கா இருக்கு. பெருசு பண்ணிப் பாத்துட்டேன். ஏங்க்கா?"

போனை வைத்துவிட்டுப் போஸ்டரின் பக்கம் திரும்பினாள். நூற்றுப் பத்து.

நாற்பது, எழுபது, நூற்றுப் பத்து. இதே வரிசையை அவள் போனில் கேட்டிருக்கிறாள். ஒருவர் தண்ணீரில் இறங்கினால் இன்னொருவர் கரையில் கயிற்றோடு நிற்க வேண்டும் என்பது அவர்கள் இரண்டு வருடமும் மீறாத ஒழுங்கு. அவன் மூழ்கிய அன்று மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள். ஒரு அளவு குறைந்தது. "தனியா இறங்கலாமாங்க?" என்று அவன் கேட்டான். "ஒரே ஒரு அளவுதானே ரெங்கராஜ்," என்றாள் வீட்டிலிருந்தபடியே. அவன் ஒவ்வோர் எண்ணாகப் போனில் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். "மண்ணு வழுக்குதுங்க," என்றான். "இன்னும் ரெண்டடி போங்க," என்றாள். "நூத்தி அறு..." என்பதோடு குரல் நின்றுவிட்டது. மீதியை அவளே முடித்து, நூற்று அறுபது என்று அட்டவணையில் போட்டாள். விசாரணைக்கு வந்தவர்களிடம், அவனாகவே போனான் என்றாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. போகத்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது. போஸ்டரைப் பார்க்காமலே சுருட்டி, பிளாஸ்டிக் குழாயில் திணித்து, மூடியை இறுகத் திருகினாள்.

டாக்ஸி காவிரிப் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. ரெங்கராஜின் அம்மா சந்திரம்மாள்.

"நல்லபடியா போயிட்டு வா தாயி. பேப்பர்ல எம்பேரும் வருதும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அங்க அவன் பேரைச் சொல்லுவேல்ல?"

"சொல்றேம்மா."

"உன்னைக் கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா? பாவி, கேக்காமப் போயி விழுந்துட்டானே."

இப்போது சொல்லிவிடலாம். கேட்டான், நான்தான் போகச் சொன்னேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "டவர் இல்லம்மா, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டாள். தன்னைப் பிடித்துத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மடியிலிருந்த குழாய் கனத்தது.

சத்திரம் பேருந்து நிலையம் தாண்டும்போது, பஸ் ஹாரன்களுக்கும் டிக்கெட் கூவல்களுக்கும் இடையே, குழாய்க்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. விமான நிலையத்தில் இறங்கியபோது அதைத் தோளில் மாட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. வார் தோளில் பதிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. வியர்வை என்று நினைத்துக்கொண்டாள். வியர்வை இவ்வளவு குளிராது.

பாதுகாப்புச் சோதனை. குழாய் பெல்ட்டில் உருண்டு எந்திரத்துக்குள் போனது.

பெல்ட் நின்றது.

திரைக்கு முன் இருந்த பெண் காவலர் முன்னால் குனிந்தார். பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார். இருவரும் பார்த்தார்கள்.

பிரேமலதா எட்டிப் பார்த்தாள்.

திரையில் குழாய். உள்ளே சுருள். சுருளுக்குள் ஒரு கையின் எலும்பு. ஐந்து விரல். மணிக்கட்டு. முழங்கை வரை.

விரல்கள் விரிந்தன. மடங்கின.

"இது யாரோடது?" என்றார் காவலர்.

வரிசையில் எல்லோரும் திரும்பினார்கள். அவன் பெயர் வாய்க்குள் இருந்தது. ஒரு சொல்தான். சொன்னால் பயணம் இல்லை.

"என்னோடது," என்றாள்.

பெல்ட் நகர்ந்து வெளியே வந்த குழாயின் மூடி திரும்பியது. உள்ளேயிருந்து. மெதுவாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.