அந்த ஒன்பது நிமிடம்

"நீங்கள் இன்னும் ஓய்வெடுக்கவில்லை. திரும்பிச் செல்லுங்கள்" என்றது கதவு.

சுடலைமணி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் தகட்டில் வைத்தார். கதவு அதையே சொன்னது, அதே மரியாதையோடு. அவர் நெற்றியில் காலையில் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் கடைசி இலை எடுப்பதற்குள் பைக்கை உதைத்துக் கிளம்பி வந்திருந்தார். உலையில் எரிமுனை மாற்றும் நாள். தான் இல்லாமல் அது நடக்காது என்பது அவர் எண்ணம். மற்றவர்களின் எண்ணமும் அதுதான்.

அவருக்குப் பின்னால் நின்ற முப்பத்தேழு பேரும் ஒவ்வொருவராகக் கை வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் திறக்கவில்லை. மணி இரண்டு ஐந்து.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, சூரியத் தகடுகளுக்குக் கண்ணாடி வார்க்கும் ஆலை அது. பதினோரு வருடமாக அந்த உலை ஒரு நாளும் அணைந்ததில்லை. அணையவும் கூடாது. அணைந்தால் உள்ளே கொதிக்கும் கண்ணாடி பாறையாக இறுகிவிடும், செங்கல் வெடித்துவிடும், பிறகு உலையை உடைத்து அள்ளிக் கடலோரம் கொட்டுவதைத் தவிர வழியில்லை. உலை போனால் இவர்கள் எல்லோருக்கும் வேலையும் போனது.

கதவை ஒட்டியிருந்த நேர அறைக்குள் பிரகாசி ஓடி வந்தாள். ஆலையின் விதியாளர் அவள். யார் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள், எது மிகைநேரம், எதற்கு இரட்டைக் கூலி, யார் எப்போது ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்பதையெல்லாம் நேரக்காப்பான் என்ற இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அந்த இயந்திரத்துக்கு விதி எழுதுவது அவள் வேலை. நேற்று இரண்டு மணிக்குப் புது விதியை அமலாக்கியவளும் அவள்தான்.

"என்னம்மா பிரகாசி, உங்க பொட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் சுடலைமணி.

"உங்க போனக் காட்டுங்க, அண்ணாச்சி."

அவரவர் கணக்கு அவரவர் போனில் தெரியும். பிரகாசி வாங்கிப் பார்த்தாள். கடந்த ஒரு நாளில் சுடலைமணியின் ஓய்வு ஐந்து மணி இருபது நிமிடம். சட்டப்படி பத்து மணி நேரம் வேண்டும். மீதியெல்லாம் வேலை. நேற்று அவருக்கு வார விடுமுறை.

"நான் நேத்து இந்தப் பக்கமே வரலியே."

"வரல. ஆனா வேல பாத்துருக்கீங்க." அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. "நேத்து சாயங்காலம் பூராவும். ராத்திரி சாப்புடும்போது. தூங்கி எந்திரிச்ச உடனே. இன்னிக்குக் காலைல ஒம்பதே முக்கால்லேர்ந்து பன்னிரண்டே முக்கால் வரைக்கும் ரெண்டு மணி அம்பத்தோரு நிமிசம் வேல. ஒம்பது நிமிசம் ஓய்வு."

சுடலைமணி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அது எம்மவ நிச்சயம் நடந்த நேரம்லா" என்றார்.

பிரகாசிக்கு அப்போது அவரைக் கவனிக்க நேரமில்லை. தவறு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆலையில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் பயறளவு வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். மனமானி என்று பெயர். குளித்தாலும் போகாது, வாரம் ஒருமுறைதான் மாற்றுவார்கள். ஒருவர் என்ன நினைக்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஆனால் உலைக்காரர் உலையில் புத்தி வைக்கும்போது தலைக்குள் ஓடும் தடம் ஒன்று, கணக்கர் கணக்கில் புத்தி வைக்கும்போது ஓடும் தடம் வேறு. அவரவர் வேலைத் தடம் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் அது சொல்லும்.

ஆலைத் தலைவர் கோமதிநாயகம் போன மாதம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒடம்பு உள்ள நிக்கி, மனசு எங்கயோ மேயுது. அதுக்கு நாம மிகைநேரக் கூலி குடுக்கணுமா? மனசு வேலைல இருந்தாத்தான் வேல. அப்படி விதி போடுங்க. கதவு ஒவ்வொருத்தன் கணக்கையும் சத்தமாச் சொல்லணும். நாலு பேரு கேட்டாத்தான் வெக்கம் வரும்."

"அப்ப வீட்டுல இருந்துக்கிட்டு மனசு வேல பாத்தா, சார்?"

"வீட்டுல எவன் வேலைய நெனைக்கப் போறான்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பிரகாசியை உறுத்தியது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா? மனசுதான் அளவு என்றால் எங்கிருந்தாலும் அளவுதானே? பழைய விதியில் 'சுவருக்குள்' என்று ஒரு சொல் இருந்தது. அதை அவள் எடுத்துவிட்டாள். தலைவர் படிக்காமலே ஒப்புதல் தந்தார்.

எந்த விதியையும் ஆட்களுக்குப் போடுமுன் தன்மேல் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். சமைத்தவள் வாயில் வைத்துப் பார்க்காமல் பரிமாறக் கூடாது என்பாள். இந்த முறையும் பார்த்தாள். உலைக்காரரின் தடத்தைத் தன் வில்லையில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் வீட்டுக்குப் போய் வந்தாள். வீட்டில் வேலை: பூஜ்யம். வீட்டுக்குப் போனால் யாரும் வேலையை நினைப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். பிரகாசி தன் வாழ்நாளில் ஒரு நாளாவது அடுப்படியில் நின்றுகொண்டு உலையை நினைத்துக் கவலைப்பட்டதுண்டா? அடுத்தவர் சுமையைத் தன் தலையில் வைத்துப் பார்த்து, பாரமே இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

விதிக்கு ஒரு முழு நாள் கணக்கு சேரும்வரை பூட்டு விழாது. அந்த நாள் இன்று இரண்டு மணிக்கு நிறைந்தது. வெளியே உள்ளவர்களுக்குக் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே காலை ஆறு மணியிலிருந்து நிற்பவர்களுக்கும் ஓய்வுக் கணக்கு குறைவுதான். கையிலுள்ள வேலையை முடிக்க அவர்களுக்கு நாற்பது நிமிடம் அவகாசம். இரண்டு நாற்பதுக்கு இயக்குபலகைகள் அவர்கள் கையை ஏற்காது. பலகையில் ஆள் இல்லை என்று உலை எரிவாயுவைத் தானே மூடிக்கொள்ளும்.

மணி இரண்டு பத்து. பிரகாசி விதிப்பலகையில் கை வைத்தாள். ஒரு சொல்லைத் திரும்பச் சேர்த்தால் போதும்.

"நீங்கள் இன்னும் ஓய்வெடுக்கவில்லை" என்றது பலகை. "உங்களுக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிட ஓய்வு தேவை."

அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். புது விதி நல்லபடியாக ஓடவேண்டுமே என்று நேற்றிலிருந்து அவள் நினைத்த நினைப்பெல்லாம் கணக்கில் ஏறியிருந்தது.

அதற்குள் கோமதிநாயகம் வந்துவிட்டார். "பூட்ட ஒடைங்க மேடம். ஏதாச்சும் மாத்து வழி இருக்கும்லா?"

"இல்ல, சார்."

"ஏன் இல்ல?"

"மாத்து வழி இருந்துச்சு. உலைல மிக்கேல மூணு ஷிப்டு தொடர்ந்து நிக்க வச்சீங்கள்ல, அவன் கை வெந்துச்சே. அன்னிக்கு நீங்க போன்ல சொல்லித் தொறந்த வழி அது. அதுக்கப்புறம் நாந்தான் அடைச்சேன். இனிமே யாரு சொன்னாலும் தொறக்காது."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமையும் இருந்தது, அழுகையும் இருந்தது.

இருபத்திரண்டு நிமிடம். இரண்டு முப்பத்திரண்டுக்கு முடிந்துவிடும், எட்டு நிமிடம் மிச்சமிருக்கும். செய்யவேண்டியது ஒன்றுதான்: விதியைப் பற்றி நினைக்கக் கூடாது. அவள் வாசலில் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். மாதாவை நினைத்தாள். மாதாவின் முகத்தில் நேரக்காப்பானின் பச்சை விளக்கு எரிந்தது. போன் இருபத்தொன்று என்றது, இருபது என்றது. 'இருபதாயிட்டே' என்று அவள் மனம் துள்ளியதும் எண் அப்படியே நின்றுவிட்டது.

"நெனைக்காதீங்க மேடம், தயவு செஞ்சு நெனைக்காதீங்க" என்று பக்கத்தில் நின்று மன்றாடினார் கோமதிநாயகம்.

"கொரங்க நெனைக்காம மருந்து குடிக்கச் சொன்ன கதைதான்" என்றார் சுடலைமணி. "நீங்க அங்கிட்டுப் போங்க, சார்."

யாரோ வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் தன் மாமியார் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். பிரகாசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவருக்கு மேலே புகைபோக்கியைப் பார்த்தாள். இருபது இருபதாகவே இருந்தது. மணி இரண்டு இருபத்தெட்டு.

அவள் எழுந்துவிட்டாள். "என்னால ஆவாது, சார். விதியில கை வைக்க இன்னொரு ஆளுக்கு உரிமை உண்டு. உங்களுக்கு."

கோமதிநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கும் பூட்டித்தான் இருக்கும். நான் தூங்கியே ரெண்டு நாளாச்சு. எந்நேரமும் ஆலை நெனப்புதான்."

"கைய வச்சுப் பாத்துட்டாத் தெரிஞ்சிருமே."

"வீண் வேல மேடம். வேற ஏதாச்சும் யோசிங்க."

அவர் கண் ஜன்னலுக்கு வெளியே நின்ற முப்பத்தெட்டு முகங்களின் மேல் போய்விட்டுத் திரும்பியது. பலகை என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும் என்பது பிரகாசிக்கு அப்போதுதான் புரிந்தது. மணி இரண்டு முப்பத்து மூன்று. அவர் அறையை விட்டு ஓரடி வெளியே வைத்தார்.

சுடலைமணி வழியில் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "சார், உள்ள பதினோரு வருச நெருப்பு இருக்கு. கணக்கு என்னமும் சொல்லிட்டுப் போவுது. கைய வைங்க."

கோமதிநாயகம் திரும்பி வந்து கை வைத்தார்.

"வணக்கம். நீங்கள் மிக நன்றாக ஓய்வெடுத்திருக்கிறீர்கள்" என்றது பலகை, அவரே கேட்டு வாங்கிய சத்தத்தில். "கடந்த ஒரு நாளில் உங்கள் வேலை நேரம்: பதினொரு நிமிடம்."

ஜன்னலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும். நேற்று முழுதும் அவர் ஆலையில்தான் இருந்தார்.

பிரகாசி சொல்லச் சொல்ல அவர் ஒற்றை விரலால் தட்டினார். 'சுவருக்குள்' என்பதில் இரண்டு முறை பிழை விட்டு அழித்தார். மணி இரண்டு முப்பத்தேழு. பலகை ஒரு கேள்வி கேட்டது: "இந்த மாற்றம் நேற்றிலிருந்து செல்லும். சுவருக்கு வெளியே உள்ள பதிவுகள் அனைத்தும் அழியும். சம்மதமா?"

"அழியுமாம் மேடம். என்ன செய்ய?"

"அழியட்டும், சார். சம்மதம்னு போடுங்க."

கதவு திறந்தது. முப்பத்தெட்டுப் பேரும் உள்ளே ஓடினார்கள், சுடலைமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால். இரண்டு முப்பத்தொன்பதுக்கு அவர் கை முதல் இயக்குபலகையில் இருந்தது. உலை அணையவில்லை.

கோமதிநாயகம் கதவின் குரலை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். இனி எழுத்து மட்டும் வந்தால் போதுமாம்.

ஐந்தரை மணிக்குத் தேநீர் இடைவேளையில் சுடலைமணி நேர அறைக்கு வந்தார். எரிமுனை மாற்றி முடித்துவிட்ட களைப்பு முகத்தில் இருந்தது. வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, ஒரு சின்ன விசயம் கேக்கணும்."

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"மதியம் காட்டுனீங்கள்ல. நிச்சயத்துல ஒம்பது நிமிசம் நான் உலைய நெனைக்கலன்னு. அது எந்த ஒம்பது நிமிசம்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

பிரகாசி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தட்டு மாத்தும்போது இருந்தனா, எம்மவ வந்து கால்ல விழுந்தாளே, அப்ப இருந்தனான்னு தெரிஞ்சாப் போதும். எனக்கே ஞாபகம் வரல. எரிமுனைல எந்த மரை வழுக்கும்னு யோசிச்சது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

அவள் அவர் கணக்கைத் திறந்தாள். ஒன்பதே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை ஒரே வரிதான் இருந்தது. சுவருக்கு வெளியே: பதிவு இல்லை.

"அழிஞ்சிட்டு, அண்ணாச்சி. நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

"சரி, உலைக்காகத்தான" என்றார் அவர். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பிரகாசியின் கணவன் அமலன் ஊளி மீன் பொரித்து வைத்திருந்தான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். மனிதர்களின் நேரத்துக்கு எப்படித்தான் விதி எழுதுவது? சுவருக்குள் என்று எழுதினால் பொய். சுவரை எடுத்தால் உலை அணைகிறது. அந்த ஒன்பது நிமிடத்தை எந்தக் கட்டத்தில் குறிப்பது? சோற்றைப் பிசைந்தபடி அவள் மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது கேட்டுச்சா?" என்றான் அமலன்.

"ம்" என்றாள் அவள்.

அவன் இன்னும் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் கை வைத்ததும் கதவு சத்தமில்லாமல் திறந்தது. தகட்டின் மேல் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: 'சுவருக்கு வெளியே வேலை ஏதும் இல்லை. நன்றாக ஓய்வெடுத்திருக்கிறீர்கள்.'