இரண்டு இழுப்பு

ஆணியில் மாட்டியிருந்த கயிறு நனைந்திருந்தது.

கோதண்டம் கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தான். ஐப்பசியில் மாட்டியது, மூன்று மாசமாக யாரும் தொடவில்லை, தை மாசத்தில் மழையுமில்லை. ஆனாலும் புரிபுரியாக நீர் கோத்து, சாணம் மெழுகிய தரையில் சொட்டிச் சொட்டிச் சின்னக் குழியே விழுந்திருந்தது. குனிந்தபோது அழுகின தாமரைத்தண்டும் பாசியும் கலந்த ஏரியின் அடிச்சேற்று வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

"பாவா! இன்னா பண்ணிகினு கீற? மேஸ்திரி கரையில குதிச்சிகினு இருக்கான்!"

வாசலில் ஜெகநாதன். கோதண்டத்தின் சின்னத் தங்கை கமலாவின் புருஷன். பெரிய தங்கை சந்திராவைக் கட்டியவன் ஜெகநாதனின் அண்ணன் வேடியப்பன். அண்ணன் தம்பி இருவருக்கும் ஏரி மதகில் முழுகுகிற வேலை. மதகுத் துளையில் வேரும் சேறும் அடைத்துக்கொண்டால், தோணியில் போய், இடுப்பில் கயிற்றோடு இறங்கி எடுக்க வேண்டும். மறுமுனையைத் தோணியில் இருப்பவன் தன் இடுப்பில் கட்டிக்கொள்வான். ஓர் இழுப்பு என்றால் கயிறு விடு. இரண்டு என்றால் தூக்கு. அந்த முனையைப் பெண்டாட்டியின் அண்ணன்தான் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். தங்கச்சியின் தாலியைக் கையில் பிடித்திருப்பவன் கண் அசருவானா?

ஐப்பசியில் வேடியப்பன் முழுகினான். எழவில்லை. வெளியே எடுத்தபோது, மதகுத் துளையில் சிக்கிய வலது கை தோள்வரை நசுங்கியிருந்தது.

"இழுப்பே வரலியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான் கோதண்டம். ஊர் நம்பியது. சந்திராவும் நம்பினாள்.

இப்போது மறுபடி அடைப்பு. கீழே நாற்று காய்கிறது.

தோணி நடு ஏரிக்கு வந்தது. உச்சி வெயில். எதிரே திருத்தணி மலை வெளிறி நிற்க, மதகுக் கல்தூண் மட்டும் கறுப்பாய்த் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டது. கரையில் கத்திக்கொண்டிருந்த நாரைகளும் ஒரே சமயத்தில் வாயை மூடின.

"குடு, நானே கட்றேன். எங்கண்ணன் முடிச்சு. நனைஞ்சா இறுகும்" என்று ஜெகநாதன் கயிற்றைக் கோதண்டத்தின் இடுப்பில் சுற்றினான். "கமலா சொல்லி அனுப்பிச்சா, உனக்கு இடுப்பு பெருத்துப்போச்சாம், ரெண்டு முழம் கூட எடுத்துகினு போன்னு."

கோதண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"பீடி வேணுமா பாவா? தீப்பெட்டி கெடைச்சிது."

"வுட்டுட்டேன்."

"எப்பத்துலருந்து?"

பதிலுக்குக் காத்திராமல் ஜெகநாதன் குதித்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. கயிறு சுருள் சுருளாக ஓடியது. கோதண்டத்தின் கண் குறுக்குக் கட்டையில் போய் நின்றது. அதில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருந்தது.

யுத்தம் வந்ததிலிருந்து தீப்பெட்டிக்குத் திண்டாடிய காலம். வேடியப்பன் முழுகிய அன்று கோதண்டத்திடம் ஒரே குச்சி. காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் பொத்த வேண்டும். இடுப்பில் கயிறு இருந்தால் உடம்பு ஆடும். அவிழ்த்துக் குறுக்குக் கட்டையில் கட்டினான். ஒரு பீடி நேரம்தான். கட்டை கிறீச்சிட்டது. இரண்டு தரம். அலை என்று நினைத்தான்.

நினைத்தானா?

இடுப்பில் வெடுக்கென்றது.

ஒன்று. இரண்டு.

பாய்ந்து இழுத்தான். கனம். உள்ளங்கை எரிந்தது. ஒரு முழம் வந்தது. ஒரு முழம் போனது. மறுபடி ஒன்று, இரண்டு. "வந்துட்டேன் மாப்ள, வந்துட்டேன்!"

"பாவா."

முதுகுக்குப் பின்னால்.

திரும்பினான். தோணியின் மறுபக்க விளிம்பைப் பிடித்தபடி ஜெகநாதன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"கயிறு வேர்ல மாட்டிகிச்சு. அறுத்துட்டு வந்துட்டேன். நீ யாரை இழுத்துகினு கீற?"

ஒன்று. இரண்டு.

ஜெகநாதனும் பார்த்தான். கயிறு விறைத்துத் தண்ணீருக்குள் நேராக இறங்கியது. சேற்று வாடை. தோணி தானாக மதகுப் பக்கம் நகர்ந்தது.

"அவுத்து வுடுடா! கத்தி எங்கடா?"

"கீழ வுட்டுட்டேன்." ஏறி வந்து முடிச்சில் நகத்தை விட்டான். நனைந்த முடிச்சு. ஒரு புரி நெகிழ்ந்தது. இன்னொரு புரி.

கோதண்டத்தின் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"கட்டையில கட்டியிருந்தேன் மாப்ள. அன்னிக்கு. ரெண்டு இழுப்பும் வந்திச்சு. பீடி... ஒரு பீடிடா..."

முடிச்சில் இருந்த விரல்கள் நின்றன.

ஜெகநாதன் கையை எடுத்துக்கொண்டான். பின்னால் நகர்ந்து, குறுக்குக் கட்டையில் உட்கார்ந்தான்.

இழுப்பும் நின்றது. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது.

பிறகு, மெதுவாக, பொறுமையாக, ஓர் இழுப்பு.

கயிறு விடு.

சுருள் எப்போதோ தீர்ந்திருந்தது. தோணியின் விளிம்பு சாய்ந்து தண்ணீரைத் தொட்டது.