சுவருக்குக் கேட்காத சொல்

ஒலிமீட்பியை வரவேற்பறைச் சுவரில் ஒட்டியதும் பொற்கொடி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். பூச்சில் உறைந்துபோன அதிர்வுகளைப் பிரித்து, அந்த அறையில் என்றோ பேசியதை அது மீட்டுவிடும். அவளுடைய விவாகரத்து வழக்கில் அது சொல்வதே தீர்ப்பு.

“பயப்படாதீங்க மேடம். பேசினதுதான் இதுக்குக் கேக்கும். நெனச்சது கேக்காது,” என்றார் குடும்ப நீதிமன்றத்தின் சுவர்ப்படிப்பாளர் தேனப்பன்.

அவள் சிரிக்கவில்லை. சரவணம்பட்டியில் ஏழாவது மாடியிலிருந்த அந்த வீட்டைத் திருமணத்துக்கு முன்பே வாங்கியிருந்தாள். சட்டப்படி அவளுடையது. ஆனால் ஒலிமீட்பி வந்தபின் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. உடைமையாளர் தன் துணையிடம் ஒருமுறை ‘நம்ம வீடு’ என்று சொல்லிவிட்டாலும் வீடு இருவருக்கும் பொது. கையெழுத்து தேவையில்லை, வாய் போதும்.

அதன்பின் ஊரில் பலரும் ‘நம்ம’வை விட்டு, ‘வீட்டுக்குப் போலாம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பொற்கொடி இன்னும் கவனமாக இருந்தாள். அப்பாவோடு விவாகரத்தான அன்று அவள் அம்மா இரண்டு பைகளோடு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பேருந்தில் ஏறுவதென்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சிறுமியாக இருந்த பொற்கொடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஒரு தடவைகூடவா வாய் தவறல?” ஜன்னலோரம் நின்ற கணவன் சிபி கேட்டான். “பாப்பாவைத் தூக்கிட்டு மொதமொதல்ல உள்ள வந்தப்ப? அன்னிக்கு அழுதியே.”

“அழுதேன். பேசல.”

“அதானே. உன் வாய் தவறணும்னா நான் தவம் இருக்கணும்.”

ஒலிமீட்பி ஒவ்வொரு அறையாகக் கேட்டு முடித்தது. தேனப்பன் நிமிர்ந்தார். “எங்கயுமே இல்லீங்க. வீடு முழுசா உங்களுக்குத்தான்.”

பொற்கொடி அவர் போவதற்காக வாசற்கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் தேனப்பன் கிளம்பவில்லை.

“குழந்தை யார்கிட்டங்கிறதுக்கும் இதே சுவர்ப்படிப்புதானுங்க. எந்த வீட்டை அவ வீடுன்னு அவகிட்ட சொன்னாங்களோ, அங்கதான் குழந்தை.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “‘என் வீட்டுச் சுவத்துல கிறுக்காத.’ ‘என் வீட்ல சத்தம் போடாத.’ இப்படியே வருது. இது அவ வீடுன்னு புள்ளைகிட்ட நீங்க சொன்னதே இல்ல.”

“எப்படிச் சொல்றது? நம்மன்னு சொன்னா, பக்கத்துல நிக்கிற இவரும் அதுல சேந்துடுவாரே!”

“எனக்குப் புரியுதுங்க. சுவத்துக்குப் புரியாது.”

பிரிந்ததும், வழக்குப் போடுவதற்கு முன், பீளமேட்டில் சிபி எடுத்திருந்த வாடகை அறையை முன்பே படித்திருந்தார்கள். விடுமுறை நாட்களில் மகளை அங்கே அழைத்துப்போவான். அந்தச் சுவர்களில் ‘நம்ம வீடு’ நிறைந்து கிடந்தது.

“வாடகை வீடு,” என்றான் சிபி, அவளைப் பார்க்காமல். “சொல்றதுக்கு எனக்கென்ன பயம்?”

பொற்கொடி பாய்ந்துபோய் ஒலிமீட்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம வீடு! நம்ம வீடு! கேக்குதா? நம்ம வீடு! பாதிய அவரே எடுத்துக்கட்டும். முழுசாவே எடுத்துக்கட்டும். பதிவு பண்ணிக்குங்க!”

“வழக்குப் போட்டப்புறம் பேசினது சேராதுங்க,” என்று தேனப்பன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

பொற்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் நறுமுகை பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தாள். அம்மாவின் கன்னத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

“அழாதம்மா,” என்றாள் ஆறுதலாக. “ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வா.”