மறுபக்கத்துக் கைப்பிடி

காலை பத்து மணிக்கு மூத்தவர் அந்தப் பூட்டிய வீட்டின் முன்னால் வேனை நிறுத்தினார். வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனதும் யாரோ வாளால் வெட்டியதுபோல வெயில் நின்றுவிட்டது.

அங்கே அத்திமரம் இருந்தது. மதிலைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரம். ஒரு பறவைகூட அதில் உட்காரவில்லை. அடிமரத்தில் வாய் பிளந்தாற்போல ஒரு முக்கோண வெட்டு. ஐந்து வாரத்துக்கு முன் அவருடைய தம்பி போட்டது. காய்ந்திருக்க வேண்டிய வெட்டிலிருந்து இன்னும் பால் வடிந்தது. புளித்த வாடை மூக்கைப் பிடித்தது.

அந்த வெட்டோடு தம்பி போய்விட்டான். ஓடுகிற மிஷின் ரம்பத்தோடு தடுக்கி விழுந்தானாம், பிரேக் போடவில்லையாம். ஒப்பந்தக்காரர் 'கவனக்குறைவு' என்று எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்த நாளிலிருந்து தம்பி மனைவி வாசலில் நிற்பதையே விட்டுவிட்டாள்.

மூத்தவருக்கு உயிர் போனதைவிட அந்தச் சொல் நெஞ்சை அறுத்தது. ஓடும் மிஷின் ஒருநாள் அவர் அப்பாவின் இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டது, மிச்சம் மூன்றுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம்: மிஷின் ஓடும்போது இரண்டு அடி நடப்பதென்றாலும் பிரேக் போட்டுத்தான் நடக்க வேண்டும். அதன்பிறகு அங்கே யாரும் அதை மீறியதில்லை.

ஒப்பந்தக்காரர் பின்னாலேயே வந்தார். ஒரு மணி நேரம் வந்து நின்று பார்த்தால் போதும் என்று கேட்டு மூத்தவர் மூன்று முறை அவர் வீட்டுப் படியேறியிருந்தார்.

மூத்தவர் தம்பியின் மிஷினையே கொண்டுவந்திருந்தார். செயினை விரலால் தூக்கி இழுவை பார்த்தார். எண்ணெய் பார்த்தார். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தகட்டை முன்னால் தள்ளினார். டக். பிரேக் விழுந்தது. பின்னால் இழுத்து விடுவித்தார். மறுபடி தள்ளினார். பத்துத் தடவை.

"எனக்கு டாக்டர்கூட இவ்வளவு செக்கப் பண்ணினதில்லண்ணே" என்றார் ஒப்பந்தக்காரர்.

மூத்தவர் சிரிக்கவில்லை. பிரேக்கைப் போட்டு, மிஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் காலை ஊன்றி, மிஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். உறுமியது. தூக்கிக்கொண்டு மரத்தை நோக்கி ஓரடி வைத்தார்.

டக்.

தகடு தானாகப் பின்னால் வந்து, பிரேக் விட்டிருந்தது.

அவர் நின்றார். மீண்டும் முன்னால் தள்ளினார். அடுத்த அடி.

டக்.

"உங்க கைதாண்ணே பட்டிருக்கும்" என்றார் ஒப்பந்தக்காரர். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

மூத்தவர் ஓடும் மிஷினைப் பக்கத்துச் சிமென்ட் மேடையில், எதிலும் படாதபடி வைத்தார். பிரேக்கைப் போட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி விலகி நிமிர்ந்து நின்றார்.

"இப்ப என் கை எங்க இருக்குன்னு பார்த்துக்குங்க."

இலைகூட அசையவில்லை.

டக்.

பின்கைப்பிடியில் ஈரமாக ஐந்து விரல் பதிந்தது. விசை உள்ளே அமுங்கியது. செயின் வீறிட்டது.

ஒப்பந்தக்காரர் மதிலோடு ஒட்டிக்கொண்டார். மூத்தவரோ செயினுக்கு எதிரே போகாமல், பின்பக்கமாகச் சுற்றிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். தீப்பொறி கொடுக்கும் பிளக் வயரைப் பிடுங்கினார். பிரேக்கைப் போட்டார். சத்தம் செத்தது.

பிறகு மிஷினின் கயிறு தானாக மெல்ல வெளியே வந்தது. ஒரு முழம். இழுத்துப் பிடித்தபடி நின்றது.

"மரத்துல இருக்கிற உன்னால இவ்வளவுதான் முடியும்" என்றார் மூத்தவர், அந்தக் கயிற்றைப் பார்த்து. "பயந்து ஓடுறவன் வீட்டுப் பிள்ளை இல்ல அவன். நீ செஞ்ச தப்ப அவன் தலையில கட்டப் பார்த்த."

கயிறு சட்டென்று உள்ளே ஓடியது.

ஒப்பந்தக்காரரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை மூத்தவரே எடுத்து நீட்டினார். தம்பி பிரேக் போட்டிருந்தான், அது தானாக விட்டுக்கொண்டது, கண்ணால் பார்த்தேன் என்று அந்த மனிதர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதற்கு முன் இரண்டு பேர் இந்த மரத்தைத் தொட்டுவிட்டு ஓடிப்போனதையும், அதைத் தம்பியிடம் சொல்லாமல் மறைத்ததையும் கேட்காமலே கக்கினார். சுவரில் இருக்கும் தாளை இன்றைக்கே கிழித்துவிடுவதாகச் சொன்னார். மரத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று கெஞ்சினார்.

"எங்க வீட்டாளு போட்ட வெட்டு பாதியில நிக்காது. நீங்க போங்க."

அவர் போன வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

சொல் கேட்காத மிஷினை அந்த வீட்டார் தூக்குவதில்லை. மூத்தவர் அதை வேனில் ஏற்றிவிட்டு, அப்பாவின் இரட்டைக் கைப்பிடி ரம்பத்தை எடுத்துவந்தார். ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்க வேண்டியது. மரம் சாயும்போது விலகி ஓட வழியைச் சுத்தம் செய்தார். தம்பியின் வெட்டுக்கு எதிர்ப்புறம் பல்லை வைத்துத் தனியாக இழுத்தார். தோள் கழன்றது. முப்பது இழுப்புக்கு ஒரு விரல்கடை இறங்கியது.

அப்போது ரம்பம் லேசானது.

அடிமரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள்.

மூத்தவர் கைப்பிடியை விடவில்லை. அவர் இழுத்தார். அது இழுத்தது. பிறகு, வேண்டுமென்றே, அது அவரை நோக்கித் தள்ளியது. ரம்பத் தகடு வளைந்து முனகியது.

தம்பி ஒருநாளும் தள்ளமாட்டான்.

"தள்ளாத" என்றார் மூத்தவர். "இழுக்கிறது மட்டும்தான் எங்க வழக்கம். என் ரம்பத்தைப் பிடிச்சா என் சொல்படி பிடி."

நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பால் சொட்டும் சத்தம் மட்டும்.

பிறகு இழுப்பு வந்தது. ஒழுங்காக.

வெயில் உச்சிக்கு வருமுன் மரம் முனகியது. மூத்தவர் விலகி நின்றார். தம்பி வெட்டிக் காட்டிய திசையில், ஒரு முழம்கூடப் பிசகாமல் அது சாய்ந்தது. கொல்லைப்புறத்தில் முதன்முதலாக வெயில் விழுந்தது. அவர் சுற்றிப்போய் மறுபக்கத்துக் கைப்பிடியைத் தொட்டார். ஈரமாக, சூடாக இருந்தது.

சாமான்களை ஏற்றி, காகிதத்தைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தி, வேனைக் கிளப்பினார். நேரே தம்பி மனைவியிடம் போக வேண்டும். தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து புளித்த அத்திப்பால் வாடை வந்தது. மிஷின் கிடந்த இடத்தில் ஒரு சத்தம்.

டக்.

மூத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிரேக்கைப் போட்டுட்டு உட்காரு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, டக்.