கிழக்கு மேட்டின் ஒளி

காலையில் கிழக்கு மேட்டிலிருந்து வெளிச்சம் வந்திருக்கவே கூடாது. தேநீர்க் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோன ஹோஜாகுலி அப்படியே நிறுத்திவிட்டான். காராகும் பாலைவனத்தில் வெயிலைக் கண்ணாடியில் பிடித்துச் செய்தி அனுப்புகிறவனுக்கு இது பாலபாடம்: சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் ஒரு கண்ணாடி போதாது, வெயிலை வாங்கித் தர இன்னொன்று வேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல அந்த மேட்டுக்குப் போயிருக்கும் எசெனின் இரண்டாவது கண்ணாடி நேற்றுத்தான் ஒட்டகம் இடறிப் பொடிப்பொடியானது. சூரியன் மேற்கே சாய்ந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆனால் வெளிச்சம் வந்தது. ஹோஜாகுலியின் மனம் யோசிப்பதற்குள் கை கண்ணாடியின் விசையைத் தட்டிவிட்டது. வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் "கிடைத்தது" என்று ஒரு மின்னலைத் திருப்பித் தர வேண்டும், சந்தேகமெல்லாம் அப்புறம்தான். அது தொழிலில் ஊறிப்போன பழக்கம்.

"தண்ணீர் நல்லது. வாருங்கள்."

எசெனின் கைதான். சொல்லின் கடைசி மின்னலை, போக மனமில்லாத விருந்தாளி மாதிரி, கொஞ்சம் இழுத்து விடுவான். அவன் ஹோஜாகுலியின் மனைவிக்குத் தம்பி. அந்தக் கையை ஆயிரம் பேர் கையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

"எப்படிடா அனுப்புறான்?" என்றான் ஹோஜாகுலி.

குதிரைகளைப் பிடித்துக்கொண்டிருந்த மெரெத் சிரித்தான். "உங்க மச்சானாச்சே அண்ணே! எவளோ ஒருத்திகிட்ட மூஞ்சி பாக்குற கண்ணாடியப் புடுங்கிருப்பான்."

"அந்தக் கெணத்துப் பக்கம் ஏதுடா பொம்பளைங்க?"

மெரெத் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். அவனுடைய குதிரை ஈரம் தேடிக் கருவிப் பெட்டியின் பித்தளைப் பூட்டை நக்கிக்கொண்டிருந்தது. கருகிய சாக்சவுல் விறகின் புகையும், குதிரை முதுகில் போட்ட கம்பளத்தின் வியர்வை நாற்றமும், எங்கேயோ மணல் தானாகச் சரியும் மெல்லிய சீறலும் தவிர அந்த வெளியில் வேறு ஒன்றுமில்லை. பின்னால், மேற்கே, களிமண் தரையில் குதிரைப்படை முழுவதும் இவன் சொல்லுக்காகக் காத்திருந்தது. எதிரிகளான பாஸ்மாச்சிக் கலகக் கும்பல் கிணறுகளில் செத்த ஒட்டகத்தைத் தள்ளிவிட்டுப் போவது வழக்கம். இன்று நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் குதிரைகள் விழும். பிறகு அவற்றின் மேல் இருப்பவர்கள்.

"அனுப்பிருங்கண்ணே. குதிரைங்க தாங்காது."

ஹோஜாகுலிக்கு உள்ளுக்குள் உறுத்தியது. உறுத்தலைச் செய்தியாக அனுப்ப முடியாதே. தன் இரண்டு கண்ணாடிகளையும் திருப்பி வைத்து, வந்ததை வந்தபடியே மேற்கே அனுப்பினான். படையின் கண்ணாடிக்காரர் நாசர், கிழவர், படபடவென்று தட்டுகிறவர், உடனே பதில் தந்தார். சற்று நேரத்தில் புழுதி எழுந்தது.

கிழக்கே வெளிச்சம் நிற்கவில்லை. வாருங்கள். வாருங்கள். சொல்லுக்குச் சொல் பதில் வரக் காத்திருப்பது முறை. இது காத்திருக்கவில்லை.

ஹோஜாகுலி கண்ணாடியைக் கிழக்கே திருப்பிக் கேட்டான்: "உன்னோடு யார்?"

கேள்வி முடியவில்லை. பாதியிலேயே பதில் வந்துவிட்டது.

"எல்லாரும்."

அவன் தொலைநோக்கியை எடுத்தான். மேடு ஆடியது. முக்காலி மணலில் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் கண்ணாடி இல்லை. பக்கத்தில் எசென் நின்றான். கைகள் இரண்டும் சும்மா தொங்கின. வெளிச்சம் அவன் தொப்பிக்குக் கீழிருந்து வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து.

"மெரெத்..."

"என்னண்ணே?"

"படைய நிறுத்தணும்டா!"

கண்ணாடிகளை மேற்கே திருப்பினான். நில். நில். வராதே. கண்ணீரில் குறி மங்கியது. துடைத்தான். நில்.

புழுதிக்குள்ளிருந்து ஒரு மின்னல். கிடைத்தது.

கடைசி மின்னல் இழுத்து நின்றது.

நாசர் அப்படித் தட்டமாட்டார். செத்தாலும் தட்டமாட்டார்.

வந்ததை வந்தபடியே, அந்தக் கையையும் சேர்த்து, மேற்கே அனுப்பியது தான்தான் என்று ஹோஜாகுலிக்கு அப்போது உறைத்தது.

புழுதி விலகியது. குதிரைகள் ஒழுங்காக, வரிசையாக வந்தன. ஒருவரும் கடிவாளத்தைப் பிடித்திருக்கவில்லை. சேணத்துக்கு மேலே, தலை இருக்கும் உயரத்தில், ஒன்று மின்னியது. இன்னொன்று. பிறகு வரிசை முழுவதும். ஒரே கை. ஒரே சொல்.

வருகிறோம்.

"மெரெத், குதிரையில ஏறு. ஓடு!" என்று கத்திக்கொண்டே அவன் கிழக்கே திரும்பினான்.

மெரெத் ஓடவில்லை. இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் பாக்காதீங்க. உங்க மூஞ்சி கூசுது."

சூரியன் மெரெத்துக்குப் பின்னால் இருந்தது. அவன் நிழல் நீண்டு, கறுத்து, சூரியனை நோக்கி விழுந்து கிடந்தது.