ஞானஸ்நானம் பெறாதவர்கள்

கோயிலின் வலது சிறகில் தளக்கற்கள் வெதுவெதுப்பாக இருந்தன. மூன்று நாளாக விடாத மழையில் நடுக்கூடத்தில் கால் வைத்தாலே குளிர் உச்சந்தலைவரை ஏறியது. ஆனால் தூண்களைத் தாண்டி வலப்பக்கம் வந்ததும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போலக் கல்லுக்குள்ளிருந்து ஒரு சூடு டீச்சரின் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. வயதானால் உடம்பு இப்படித்தான் பொய் சொல்லும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர் சும்மாதானே இருக்கிறாள் என்று, நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்குக் கோயில் வரலாறு எழுதும் வேலையைப் பங்குத்தந்தை அவள் தலையில் கட்டியிருந்தார். மதியம் கோயில் பூட்டியிருக்கும் நேரத்தில், மெழுகும் ஈரச் சுண்ணாம்பும் மணக்க, வலது சிறகில் மேசை போட்டுப் பழைய பதிவேடுகளைப் புரட்டுவாள்.

மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது என்று நாற்பது வருஷமாகக் கோயிலே கதியென்று கிடக்கும் கோயில்பிள்ளையிடம், பதிவேட்டில் ஆண்டு இல்லாததால், இந்தச் சிறகை எப்போது கட்டினார்கள் என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு முன், கூட்டம் பெருகியதால் சுவரை இடித்துக் கட்டியது என்றார் கிழவர். அதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்றாள். அவர் துடைத்த பெஞ்சையே திரும்பத் துடைத்தார்.

"ஞானஸ்நானம் வாங்காமப் போன பச்சப்புள்ளைங்கள கல்லறைக்குள்ள விடமாட்டாங்க டீச்சர். கோயில் சுவருக்கு வெளிய, இங்கதான் புதைப்பாங்க. கட்டும்போது எடுக்கல. மேலேயே கல்லப் போட்டுட்டாங்க."

பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்க வீட்டுக்காரரும் நானும்தான் அன்னிக்குக் குழி வெட்டினோம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எந்த இடம் என்றாள். கல் மூடியபிறகு அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

முப்பத்துமூன்று வருஷம். இரண்டு மணி நேரமே உயிரோடிருந்த பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துப்போன கணவன், நகக்கண்ணில் மண்ணோடு திரும்பி வந்தான். எங்கே என்று சாகும்வரை அவன் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. உதடு ஒட்டிப் பிரியும் சத்தம். பசித்த குழந்தை காற்றைச் சப்புகிற சத்தம்.

மண்டியிட்டுக் காதைக் கல்லில் வைத்தாள். கீழே யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஓடிப்போய் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்தாள். பெயர் சொல்ல வேண்டும். பெயர் வைக்கவே இல்லையே.

"என் கண்ணு," என்றாள். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால…"

ஊற்றிய தண்ணீர் ஓடவில்லை. கல் குடித்தது. சத்தம் நின்றது. கன்னத்தைக் கல்லில் அழுத்தி, அன்று அழாத அழுகையை எல்லாம் அழுதாள்.

பக்கத்துக் கல்லில் சப்பும் சத்தம்.

அதற்கடுத்த கல்லில். மேசைக்கடியில். தூணுக்குப் பின்னால். நூறா? இருநூறா? செம்பு காலி. எழுந்திருக்க முடியவில்லை.

கற்களின் இடுக்குகளில் மண் நெகிழ்ந்தது. சின்னச் சின்ன வாய்கள். பல்லில்லாத ஈறுகள். எல்லாம் அவள் பக்கம்.

மார்பு கனத்தது. வலித்தது. அறுபத்தொரு வயதில் அவளுடைய ரவிக்கை நனைந்தது.

முதல் சொட்டுப் பால் கல்லில் விழுந்தது. ஒரு கணம் எல்லாச் சத்தமும் அடங்கியது. பிறகு, சுவரிலிருந்து சுவர்வரை, அத்தனை வாய்களும் ஒன்றாகத் திறந்தன.